27-லிருந்து 9-க்கு விழுந்த கார் சார்ஜ்: பேட்டரி செல் போய்விட்டதா, கணக்கு தவறியதா?

தம்பி, உங்கள் கேள்வியை மற்றவர்களுக்கும் புரியும்படி முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். வீடு தண்டையார்பேட்டையில். மூன்று வருடம் ஓடிய எலெக்ட்ரிக் காரை செகண்ட் ஹேண்டில் வாங்கி எட்டு மாதம் ஆகிறது. பேட்டரி 25 யூனிட், எல்.எஃப்.பி. (லித்தியம் அயன் பாஸ்பேட்) வகை. உங்கள் தெருவில் வண்டி நிறுத்தவே இடமில்லை என்பதால் வெளியே ஃபாஸ்ட் சார்ஜரில் 80 வரை போட்டுக்கொள்கிறீர்கள். எப்போதாவது மாதவரத்தில் மச்சான் வீட்டில் ராத்திரி ஸ்லோ சார்ஜ். போன வாரம் மிண்ட் மேம்பாலம் ஏறும்போது மீட்டரில் 27 சதவீதம் இருந்தது, பாலம் இறங்குவதற்குள் 9 ஆகிவிட்டது. அன்று ராத்திரி மச்சான் வீட்டில் சார்ஜ் போட்டபோது 91 வரை ஒழுங்காக ஏறி, அங்கிருந்து ஒரே தாவலில் 100. சர்வீஸ் சென்டரில் சாஃப்ட்வேர் அப்டேட் போட்டு அனுப்பினார்கள், மறுபடியும் அதேபோல ஆனது. வெளியே ஒரு மெக்கானிக் "செல் போயிடுச்சு, பேக்கையே மாத்தணும்" என்று லட்சக்கணக்கில் சொல்கிறார். அவர் சொல்வது சரியா என்று கேட்கிறீர்கள்.

அவரிடம் இப்போதைக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். செல் (பேட்டரி பேக்குக்குள் வரிசையாக இருக்கும் சின்னச் சின்னப் பேட்டரிகளில் ஒன்று) போயிருக்கலாம், போகாமலும் இருக்கலாம். இப்போது உங்களிடம் உள்ள தகவலை வைத்து யாராலும் அதைச் சொல்ல முடியாது. ஆனால் எப்படிக் கண்டுபிடிப்பது என்று சொல்ல முடியும். அதற்கு ஒரு மாதப் பொறுமையும், ஒரு நோட்டும், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு ஓ.பி.டி. டாங்கிளும் (காரின் கம்ப்யூட்டர் தகவலை போனில் காட்டும் சின்னக் கருவி) போதும். நான் திருவொற்றியூரில் முதலில் யு.பி.எஸ்., இன்வெர்ட்டர் பேட்டரிகளிலும், இப்போது சில வருடங்களாக எலெக்ட்ரிக் வண்டிகளிலும் வேலை பார்க்கிறேன். உங்களைப் போலவே பயந்துபோய் வந்தவர்கள் பலர். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

பெட்ரோல் வண்டியில் டேங்குக்குள் ஒரு மிதவை இருக்கும். பெட்ரோல் குறைந்தால் அது இறங்கும், முள்ளும் இறங்கும். அதாவது அங்கே அளப்பது நேரடியாக பெட்ரோலின் மட்டத்தை. பேட்டரிக்குள் அப்படி மிதக்கும் பொருள் எதுவும் கிடையாது. மீட்டரில் தெரியும் சதவீதம் முழுக்க முழுக்க ஒரு கணக்கு. அந்தக் கணக்கைப் போடுவது பேக்குக்குள் இருக்கும் பி.எம்.எஸ். என்ற சிறிய கம்ப்யூட்டர்.

அது எப்படிக் கணக்கு போடுகிறது என்பதற்கு நம் வீட்டு சமையலறையிலேயே உதாரணம் இருக்கிறது. கேஸ் சிலிண்டரை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று அடுப்பைப் பார்த்துச் சொல்ல முடியுமா? புது சிலிண்டரிலும் அதே தீ, கடைசி நாளிலும் ஏறக்குறைய அதே தீ. உள்ளே திரவம் இருக்கும்வரை மேலே இருக்கும் அழுத்தம் பெரிதாக மாறாது, தீரப் போகும்போதுதான் தீ ஒடுங்கும். அதனால்தான் நம் வீடுகளில் சிலிண்டர் மாற்றிய தேதியை காலண்டரில் குறித்து வைக்கிறார்கள். "அஞ்சாம் தேதி மாத்தினோம், ஒரு நாளைக்கு இவ்வளவு செலவாகும், இன்னும் பத்து நாள் வரும்" என்று மனக்கணக்கு.

எல்.எஃப்.பி. பேட்டரியும் அப்படித்தான். லித்தியம் அயன் பாஸ்பேட் செல் ஒன்றை முழுக்க நிரப்பும்போது 3.65 வோல்ட் வரை போகும், ஓய்வில் விட்டால் சீக்கிரமே 3.4-க்குக் கீழே வந்து நின்றுவிடும். அதற்குப் பிறகு 80 சதவீதத்திலிருந்து 20 சதவீதம் வரை வோல்டேஜ் 3.3-க்கும் 3.2-க்கும் இடையிலேயே படுத்துக் கிடக்கும். நடுவில் 10, 20 சதவீதம் செலவானாலும் சில மில்லிவோல்ட்டுகள்தான் மாறும். அதற்கும் கீழே போனதும் சரிவு தொடங்கும், கடைசியில் கிணற்றில் விழுந்த மாதிரி இறங்கும். இன்வெர்ட்டர் பேட்டரியில் வோல்ட்மீட்டரை வைத்தே எவ்வளவு சார்ஜ் இருக்கிறது என்று சொல்லிப் பழகிய எங்களைப் போன்றவர்களுக்கு ஆரம்பத்தில் இது பெரிய குழப்பம். லெட் ஆசிட்டில் எடுபட்ட வித்தை இதில் எடுபடாது. என்.எம்.சி. (நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட் சேர்ந்த) வகை லித்தியம் பேட்டரியில் 4.2 வோல்ட்டிலிருந்து படிப்படியாக இறங்குவதால் ஓரளவு எடுபடும். அதனால் அந்த வகை கார்களில் உங்களுடையது போன்ற புகார் குறைவு.

அப்போது நடுப்பகுதியில் பி.எம்.எஸ். என்ன செய்யும்? காலண்டர் கணக்குதான். எத்தனை ஆம்பியர் வெளியே போகிறது, எத்தனை உள்ளே வருகிறது என்று ஒரு கரண்ட் சென்சாரை வைத்துக் கூட்டிக் கழித்துக்கொண்டே இருக்கும். அந்த சென்சாரில் ஒரு மிகச் சின்னப் பிழை இருந்தால்? உங்கள் 25 யூனிட் பேக்கை இன்வெர்ட்டர் பாஷையில் சொன்னால், 320 வோல்ட்டில் சுமார் 78 ஏ.ஹெச். (ஆம்பியர்-மணி). சென்சார் வெறும் 0.2 ஆம்பியர் தவறாகக் காட்டுகிறது என்று வையுங்கள். தினமும் இரண்டு மணி நேரம் ஓட்டினால் ஒரு நாளைக்கு 0.4 ஏ.ஹெச். பிழை. முப்பது நாளில் 12 ஏ.ஹெச். உங்கள் பேக்கில் அது 15 சதவீதம். செல் ஒன்றுக்கும் ஒன்றும் ஆகாமலேயே மீட்டர் 15 சதவீதம் பொய் சொல்லும்.

இந்தப் பிழையைத் துடைத்துப் புதிதாகத் தொடங்க பி.எம்.எஸ்.ஸுக்கு இரண்டே இடங்கள்தான் உண்டு: முழுக்க நிரம்பிய உச்சி, ஏறக்குறைய காலியான அடி. அங்கேதான் வோல்டேஜ் தெளிவாகப் பேசும். புது சிலிண்டர் மாட்டிய அன்று காலண்டரில் புதிதாகத் தேதி போடுவதைப் போல. நீங்கள் எட்டு மாதமாகப் பெரும்பாலும் 80-லேயே பிளக்கைப் பிடுங்கிவிட்டீர்கள். அதாவது பழைய தேதியை வைத்தே மாதக்கணக்கில் கணக்கு ஓடியிருக்கிறது. உங்கள் மேல் தவறு சொல்லவில்லை. ராயபுரம், கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, பழைய வண்ணாரப்பேட்டை தெருக்களில் கார் வாங்கியவர்களில் வீட்டு வாசலில் சார்ஜ் போட வசதியுள்ளவர்கள் எத்தனை பேர்? வெளியே ஃபாஸ்ட் சார்ஜரில் 80-க்கு மேல் போட்டால் ஏறுவது மெதுவாகிவிடும், பின்னால் இன்னொரு வண்டி காத்திருக்கும். யாராக இருந்தாலும் 80-ல் கிளம்பத்தான் செய்வார்கள். ஆனால் எல்.எஃப்.பி. கார்களை அடிக்கடி 100 வரை ஸ்லோ சார்ஜ் செய்யும்படி கையேட்டில் எழுதியிருப்பது இந்தக் காரணத்துக்காகத்தான். "80-க்கு மேல் போடாதே" என்று கேள்விப்பட்டது என்.எம்.சி. பேட்டரிக்குப் பொருந்தும் அறிவுரை. அதை எல்லா வண்டிக்கும் சேர்த்துச் சொல்லிச் சொல்லியே பலருடைய மீட்டரைக் கெடுத்துவிட்டார்கள். எனக்கு இதில் உண்மையாகவே வருத்தம் உண்டு.

சரி, உங்கள் வண்டிக்கு வருவோம்.

வெறும் கணக்குப் பிழை மட்டும் என்றால் அது ஒரே பக்கமாகத்தான் சாயும். மீட்டர் உண்மையைவிட அதிகமாகக் காட்டிக்கொண்டிருந்தால் கீழே போகும்போது திடீரென்று விழும். அப்படி விழுந்த கையோடு கணக்கும் திருத்தப்பட்டுவிடுகிறது, அதனால் அடுத்து வரும் சார்ஜ் ஒழுங்காக 100 வரை ஏற வேண்டும். உங்களுக்கோ அதே நாளில் கீழேயும் விழுந்திருக்கிறது, மேலேயும் தாவியிருக்கிறது. 9-க்குத் திருத்தப்பட்ட பிறகு 100-க்கு வர எவ்வளவு கரண்ட் உள்ளே போக வேண்டும் என்று பி.எம்.எஸ். நினைத்ததோ, அதற்கு முன்பே பேட்டரி நிரம்பிவிட்டது. இதன் அர்த்தம், பி.எம்.எஸ். நினைத்துக்கொண்டிருக்கும் அளவைவிட இப்போது பயன்படும் அளவு குறைவு. கேள்வியில் நீங்கள் எழுதியதிலேயே எனக்கு மிகவும் உதவிய தகவல் இந்த இரட்டைத் தாவல்தான்.

பயன்படும் அளவு குறைவதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று பெரும்பாலும் சரிசெய்யக்கூடியது, மற்றொன்று வாரண்டியில் கேட்டு வாங்க வேண்டியது.

உங்கள் பேக்கில் ஏறக்குறைய நூறு செல்கள் சங்கிலி மாதிரி வரிசையாக இணைந்திருக்கும். எல்லாவற்றிலும் ஒரே கரண்ட்தான் போகும். இப்போது அந்த நூறில் ஒன்று மற்றவற்றைவிட கொஞ்சம் அதிகம் நிரம்பியும், இன்னொன்று கொஞ்சம் குறைவாக நிரம்பியும் இருந்தால்? சார்ஜ் போடும்போது அதிகம் நிரம்பியது முதலில் உச்சியைத் தொடும், பாதுகாப்புக்காக பி.எம்.எஸ். மொத்த சார்ஜையும் அங்கேயே நிறுத்திவிடும். ஓட்டும்போது குறைவாக நிரம்பியது முதலில் அடியைத் தொடும், உடனே மீட்டர் விழும். இரண்டு செல்களும் ஆரோக்கியமாகத்தான் இருக்கின்றன. ஒரே பந்தியில் ஒருவர் இலையில் சாதம் அதிகம், இன்னொருவர் இலையில் குறைவு, அவ்வளவுதான். இதைத்தான் பேலன்ஸ் போய்விட்டது என்கிறோம்.

இரண்டாவது காரணம், ஒரு செல் உண்மையாகவே சுருங்கிப்போவது. மற்றவை 78 ஏ.ஹெச். பிடிக்க, அது மட்டும் 62 பிடிக்கிறது என்று வையுங்கள். சின்னப் பாத்திரம் சீக்கிரம் நிரம்பும், சீக்கிரம் காலியாகும். ஆக, மேலேயும் முதலில் உச்சியைத் தொடுவது அதுதான், கீழேயும் முதலில் அடியைத் தொடுவது அதுதான்.

இந்த வித்தியாசத்தை மனதில் நன்றாகப் பதித்துக்கொள்ளுங்கள். உச்சியில் முந்துவதும் அடியில் முந்துவதும் வேறு வேறு செல்களாக இருந்தால், பேலன்ஸ் பிரச்சினை. ஒரே செல்லாக இருந்தால், அந்த செல்தான் நோயாளி. ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் ஓ.பி.டி. சாக்கெட்டில் டாங்கிளைச் செருகி, போனில் உங்கள் கார் மாடலுக்கு ஏற்ற ஆப் போட்டால், பல வண்டிகளில் அதிகபட்ச செல் வோல்டேஜ், குறைந்தபட்ச செல் வோல்டேஜ், அவற்றின் எண் எல்லாம் தெரியும். உங்கள் மாடலில் எண் தெரியாவிட்டால் அதே விவரத்தை சர்வீஸ் சென்டர் லேப்டாப்பில் கேட்டு வாங்கலாம். 100-ஐ நெருங்கும்போது எந்த எண் செல் உயரத்தில் இருக்கிறது என்று ஒரு போட்டோ எடுங்கள். 15 சதவீதத்துக்குக் கீழே வரும்போது எந்த எண் பள்ளத்தில் இருக்கிறது என்று இன்னொரு போட்டோ. நடுவில் 50 சதவீதத்தில் எடுக்கும் போட்டோவால் பயனில்லை. மெக்கானிக் ஒருவர் 55 சதவீதத்தில் டாங்கிளைச் செருகி "வித்தியாசம் 8 மில்லிவோல்ட்தான், பேக் சூப்பர்" என்றாலும் நம்பாதீர்கள். அந்தச் சமவெளியில் நல்ல செல்லும் கெட்ட செல்லும் ஒரே முகத்தோடுதான் நிற்கும்.

இன்னொரு விஷயம், சம்பவம் பாலம் ஏறும்போது நடந்தது. நம் பக்கம் முழுக்கக் கடல் மட்டத்துச் சமதரை, வண்டிக்கு நிஜமான சுமை வருவது மேம்பாலங்களில்தான். ஏற்றத்தில் அழுத்தி மிதித்தால் 25 கிலோவாட் சாதாரணமாக இழுக்கும், அதாவது 78 ஆம்பியர் அளவு. ஒரு செல்லின் உள் எதிர்ப்பு மற்றவற்றைவிட 1 மில்லி ஓம் கூடுதலாக இருந்தாலே அந்த செல்லின் வோல்டேஜ் மற்றவற்றைவிட சுமார் 80 மில்லிவோல்ட் அதிகமாகத் தொய்யும். அடியை நெருங்கிக்கொண்டிருக்கும் செல்லுக்கு அது போதும், "இது தீர்ந்துவிட்டது" என்று பி.எம்.எஸ். முடிவு கட்டிவிடும். அதனால் அடுத்த முறை விழும்போது கவனியுங்கள். ஓரமாக நிறுத்தி அரை மணி நேரம் விட்டால் சதவீதம் திரும்ப ஏறுகிறதா? ஏறினால் எதிர்ப்பு கூடிய செல் மேல் சந்தேகம் வலுக்கும். இறங்கியது இறங்கியபடியே நின்றால் அது உண்மையாகவே காலியாகியிருந்தது என்று அர்த்தம்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. மச்சானிடம் பேசி ஒரு மாதத்துக்கு வாரத்தில் இரண்டு, மூன்று ராத்திரி அவர் வீட்டில் வண்டியை விட ஏற்பாடு செய்யுங்கள். முதல் முறை 15 சதவீதம் வரை இறங்கிய பிறகு அங்கே கொண்டுபோய் நிறுத்தி, உடனே பிளக் போடாமல் மூன்று மணி நேரம் சும்மா விடுங்கள். ஓய்வில் இருக்கும்போது செல்கள் காட்டும் வோல்டேஜ்தான் உண்மையானது, பெரும்பாலான பி.எம்.எஸ். அதைப் பார்த்துத்தான் அடிப்பக்கக் கணக்கைத் திருத்திக்கொள்ளும். பிறகு ஸ்லோ சார்ஜ் போடுங்கள். 15 ஆம்பியர் சாக்கெட்டில் உங்கள் பேக் நிரம்ப எட்டு, ஒன்பது மணி நேரம் ஆகும். 100 வந்ததும் பிடுங்காமல் காலை வரை அப்படியே விடுங்கள். பேலன்ஸ் வேலை நடப்பது அந்தக் கடைசிக் கட்டத்தில்தான்.

ஒரே ராத்திரியில் சரியாகிவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். இங்கேதான் பலர் மனம் விட்டுவிடுகிறார்கள். பேலன்ஸ் செய்யும் முறை ரொம்ப மெதுவானது. அதிகம் நிரம்பிய செல்லின் கரண்டை ஒரு சின்ன ரெசிஸ்டர் வழியாகச் சூடாக்கி வீணாக்குவார்கள், அதில் போகும் கரண்ட் 0.1 ஆம்பியர் அளவுக்குத்தான் இருக்கும். செல்களுக்குள் 4 ஏ.ஹெச். வித்தியாசம் இருந்தால் அதைச் சமன் செய்ய 40 மணி நேரம். ஒரு ராத்திரியில் நான்கு, ஐந்து மணி நேரம் கிடைத்தாலும் எட்டு, பத்து ராத்திரிகள் வேண்டும். ராயபுரத்து அம்மா ஒருவர் வண்டியை என்னிடம் கொண்டுவந்தபோது கீழே 22-லிருந்து விழுந்துகொண்டிருந்தது. நான்காவது ராத்திரிக்குப் பிறகு 17-ல் விழுந்தது. ஒன்பதாவது ராத்திரிக்குப் பிறகு 5 வரை படிப்படியாக இறங்கியது. நான்காவது ராத்திரியிலேயே "இது ஆகாது" என்று அவர் விட்டிருந்தால் பேக்கை மாற்றச் சொல்லும் யாரோ ஒருவரிடம் போய்ச் சிக்கியிருப்பார்.

மச்சான் வீட்டு சாக்கெட்டைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். எட்டு மணி நேரம் தொடர்ந்து 13, 14 ஆம்பியர் இழுப்பது கெய்சர் போல அரை மணி நேர விஷயம் கிடையாது. தனி வயர், குறைந்தது 4 ஸ்கொயர் எம்.எம்., சரியான எர்த், தனி எம்.சி.பி. இருக்க வேண்டும். ஒரு மணி நேரம் கழித்து பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை, கை வைக்க முடியாத சூடு என்றால் உடனே நிறுத்துங்கள். மாடியிலிருந்து எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் தொங்கவிட்டு கார் சார்ஜ் செய்வதை நம் ஏரியாவில் நிறையப் பார்க்கிறேன். உருகிய பாக்ஸ்களையும் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம்.

அதே ராத்திரிகளில் இன்னொரு சோதனையும் செய்துவிடலாம், செலவே இல்லை. சார்ஜ் தொடங்கும் முன் வீட்டு இ.பி. மீட்டரின் யூனிட்டைக் குறித்துக்கொள்ளுங்கள், முடிந்ததும் குறித்துக்கொள்ளுங்கள். ஏசி, மோட்டார் ஓடாத ராத்திரியாகத் தேர்ந்தெடுங்கள். ஃபிரிட்ஜ், ஃபேன் மட்டும் ஓடும் சாதாரண ராத்திரியில் எத்தனை யூனிட் ஆகிறது என்று முந்தைய நாளே பார்த்து அதைக் கழித்துவிடுங்கள். சுவரிலிருந்து எடுப்பதில் 10 முதல் 15 சதவீதம் சூடாக வீணாகும். 10-லிருந்து 100 வரை ஏற 25 யூனிட் பேக்குக்கு 22.5 யூனிட் உள்ளே போக வேண்டும், சுவரில் சுமார் 25, 26 ஓட வேண்டும். வெறும் 19 தான் ஓடியது என்றால் உள்ளே போனது 17-ஐ ஒட்டி. அப்படியானால் மொத்தப் பயன்படும் அளவு 19-க்குள் வந்துவிட்டது என்று பொருள். சுமார் 75 சதவீதம். முதல் ராத்திரியும் பத்தாவது ராத்திரியும் இதை எழுதி வைத்தால், பேலன்ஸ் சரியாகிறதா இல்லையா என்பதை இ.பி. மீட்டரே சொல்லிவிடும். 19 ஓடியது பிறகு 22 ஓடினால் சந்தோஷப்படலாம். பத்து ராத்திரிக்குப் பிறகும் அதே எண் என்றால், ஒரு செல் சுருங்கியிருக்கிறது என்ற பக்கம் தராசு சாயும்.

இந்த மாதம் முழுக்க 30 சதவீதத்தையே பூஜ்ஜியம் என்று வைத்துக்கொண்டு ஓட்டுங்கள். அடிப்பக்க போட்டோ எடுக்க இறங்கும் நாட்களில் மட்டும் சார்ஜ் போடும் இடத்துக்குப் பக்கத்திலேயே, காலை நேரத்தில் செய்யுங்கள். துறைமுகம் ஜீரோ கேட் நோக்கி கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும் நேரத்தில் எண்ணூர் சாலையில் வண்டி ஆமைப் படம் (சார்ஜ் தீரப் போகிறது என்ற எச்சரிக்கை) காட்டி நின்றால் ஒதுங்கவும் இடம் கிடைக்காது.

அந்த லாரி வரிசையைப் பற்றிச் சொன்னதால் இதையும் சேர்த்துக்கொள்கிறேன். நகராமல் நிற்கும்போதும் ஏசி மணிக்கு ஒன்று, ஒன்றரை யூனிட் சாப்பிடும். மே மாத வெயிலில் ஒரு மணி நேரம் சிக்கினால் கிலோமீட்டரே ஓடாமல் 4, 6 சதவீதம் குறைவது இயல்பு. அதுபோல "இன்னும் 90 கிலோமீட்டர்" என்று காட்டும் எண் கடைசியாக நீங்கள் ஓட்டிய விதத்தை வைத்துப் போடும் ஊகம். அது 20 கிலோமீட்டர் கூடிக் குறைவதை பேட்டரிக் கோளாறு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். போன் ஆப்பில் ஒரு சதவீதமும் காரில் வேறு சதவீதமும் தெரிந்தால், ஆப் பழைய தகவலைக் காட்டுகிறது. உங்கள் பிரச்சினை இந்த மூன்றிலும் சேராது, ஒரே பாலத்தில் 18 சதவீதம் எந்த ஏசியும் குடிக்காது.

12 வோல்ட் பேட்டரியையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். எலெக்ட்ரிக் காரிலும் முன்பக்கம் ஒரு சாதாரணப் பேட்டரி உண்டு. பி.எம்.எஸ்., மீட்டர் எல்லாம் அதில்தான் உயிர் வாழ்கின்றன. அது வீக்கானால் சம்பந்தமில்லாத வார்னிங் விளக்குகள் எரியும், மீட்டர் உளறும். வண்டி சில மணி நேரம் ஓய்வில் இருந்த பிறகு 12.6-ஐ ஒட்டி இருந்தால் நல்லது, 12.2-க்குக் கீழே என்றால் மாற்றுங்கள். மூன்று வருடம் தாண்டிவிட்டது அல்லவா, நம் ஊர் சூட்டில் அதன் வயது ஏறக்குறைய அவ்வளவுதான்.

செகண்ட் ஹேண்ட் என்பதால் எனக்கு இன்னொரு கவலை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் வடசென்னையில் எத்தனை தெருக்களில் தண்ணீர் நின்றது என்பது உங்களுக்குத் தெரியும், அத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெயும் கலந்து வந்தது. அந்த நேரத்தில் உங்கள் வண்டி எங்கே இருந்தது என்று முந்தைய உரிமையாளரிடம் கேளுங்கள். கார்ப்பெட்டைத் தூக்கி, சீட் தண்டவாளங்களில் மண், துரு இருக்கிறதா பாருங்கள். தண்ணீர் பேக்குக்குள்ளேயே போயிருந்தால் பெரும்பாலும் இன்சுலேஷன் வார்னிங் வந்து வண்டியே ஓடாது, அது வேறு கதை. ஆனால் ஒவ்வொரு செல்லின் வோல்டேஜையும் பி.எம்.எஸ்.ஸுக்குச் சொல்லும் மெல்லிய வயர்களின் கனெக்டரில் ஈரமோ உப்போ பட்டுப் பச்சை படிந்தால், செல் நன்றாக இருந்தும் அளவு தப்பாக வரும். அதைக் கண்டுபிடிக்க ஒரு அடையாளம் உண்டு. அடுத்தடுத்த எண்ணுள்ள இரண்டு செல்களில் ஒன்று வழக்கத்தைவிடக் குறைவாகவும், பக்கத்து எண் அதே அளவு அதிகமாகவும் காட்டும். இரண்டு செல்லுக்கும் நடுவில் உள்ள ஒரே வயர்தான் இரண்டுக்கும் பொது என்பதால் அப்படி. காசிமேட்டிலிருந்து வந்த ஒரு வண்டியில் இதே கதைதான். மாட்யூல் (சில செல்கள் சேர்ந்த ஒரு தொகுதி) மாற்ற வேண்டும் என்று ஓரிடத்தில் சொல்லியிருந்தார்கள், கடைசியில் கம்பெனி ஆட்கள் கனெக்டரைச் சுத்தம் செய்து மாற்றியதும் சரியானது.

இதை வைத்து நீங்களே பேக்கைத் திறந்து பார்க்கலாம் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள், வெளி மெக்கானிக்கைத் திறக்கவும் விடாதீர்கள். உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் டி.சி. கரண்ட், அதை ஆஃப் செய்ய சுவிட்ச் கிடையாது, செல்கள் எப்போதும் உயிரோடுதான் இருக்கும். ஆரஞ்சு நிற வயர் எதையும் தொடக் கூடாது. அதோடு சீல் உடைந்தால் வாரண்டியும் போய்விடும்.

வாரண்டி உங்களுக்கு முக்கியம். இங்கே விற்கும் பல எலெக்ட்ரிக் கார்களுக்கு பேட்டரி வாரண்டி 8 வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர். உங்களுடையது நான்கு வருடம்கூட ஆகாதது. இரண்டாவது உரிமையாளருக்கு அது எப்படி மாறும், பெயர் மாற்றம் பதிவு செய்ய வேண்டுமா, எத்தனை சதவீதத்துக்குக் கீழே அளவு குறைந்தால் பொருந்தும் என்பதெல்லாம் உங்கள் வாரண்டிப் புத்தகத்தில் இருக்கும். இன்றைக்கே எடுத்துப் படியுங்கள்.

சர்வீஸ் சென்டருக்குத் திரும்பப் போகும்போது "சார்ஜ் சரியா காட்டல" என்று சொன்னால் மறுபடியும் சாஃப்ட்வேர் அப்டேட்தான் கிடைக்கும். சில கார்களில் அப்டேட் போட்டால் பி.எம்.எஸ். கற்று வைத்ததெல்லாம் அழிந்து, முதல் சில நாள் மீட்டர் இன்னும் மோசமாக அலையும் என்பதும் தெரிந்திருக்கட்டும். அதற்குப் பதிலாக உங்கள் நோட்டைக் கொண்டுபோங்கள். எந்தத் தேதி, எத்தனையிலிருந்து எத்தனைக்கு விழுந்தது, அப்போது பாலமா சமதரையா, எத்தனை முழு சார்ஜ் போட்டீர்கள், இ.பி. மீட்டரில் எத்தனை யூனிட் ஓடியது. மீட்டர் விழும்போது பக்கத்தில் இருப்பவர் எடுத்த வீடியோ இருந்தால் இன்னும் நல்லது. ஓட்டிக்கொண்டே நீங்கள் எடுக்காதீர்கள். ஜாப் கார்டில் "27-லிருந்து 9-க்கு விழுகிறது, 91-லிருந்து 100-க்குத் தாவுகிறது" என்று எண்களோடு எழுதச் சொல்லுங்கள், அதன் நகலை வாங்கிக்கொள்ளுங்கள். உச்சியிலும் அடியிலும் செல் வாரியாக வோல்டேஜ் ரிப்போர்ட், பதிவான கோளாறுக் குறியீடுகள், வண்டி சும்மா நிற்கும்போது கரண்ட் சென்சார் பூஜ்ஜியம் காட்டுகிறதா என்ற மூன்றையும் கேளுங்கள். மணலியில் ஓடும் டாக்ஸிக்காரத் தம்பி ஒருவர் இப்படித்தான் செய்தார். அவர் எடுத்த எல்லா போட்டோவிலும் மேலேயும் கீழேயும் ஒரே எண் செல். அதைக் காட்டியதும் பேச்சே மாறிவிட்டது. ஐந்து வாரம் ஆனாலும் அந்த செல் இருந்த மாட்யூலை மட்டும் வாரண்டியில் மாற்றிக் கொடுத்தார்கள். முழு பேக்கும் மாற்ற வேண்டியிருக்கவில்லை, அவர் கையிலிருந்து பணமும் போகவில்லை.

உங்கள் விஷயத்தில் என் கணிப்பு என்ன என்று கேட்டால், எட்டு மாதம் 80-லேயே நின்ற பழக்கத்தைப் பார்க்கும்போது பேலன்ஸ் போனதாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். ஆனால் பாலத்தில் விழுந்தது என்ற ஒரு விவரம் என்னை முழுதாக அப்படிச் சொல்ல விடாமல் தடுக்கிறது. அதனால் முதல் ராத்திரி உச்சியில் எந்த எண், அடியில் எந்த எண் என்ற இரண்டையும், இ.பி. மீட்டரில் ஓடிய யூனிட்டையும் எழுதுங்கள். ஐந்தாவது ராத்திரி மறுபடியும் எழுதுங்கள். அதைப் பார்த்து அடுத்து என்ன செய்யலாம் என்று சொல்கிறேன்.